மூன்று மணி முதல் ஆறு மணி வரை

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் அந்தப் பலகையை முதன்முதலாகப் பார்த்த அன்று எங்கள் வீட்டுக்காரர் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஹேப்பி அவர்ஸ். மூன்று மணி முதல் ஆறு மணி வரை எல்லா ஸ்டார்ட்டரும் பாதி விலை' என்று எழுதி, கீழே ஒரு கண்ணாடி டம்ளரின் படம் போட்டிருந்தார்கள். டம்ளருக்குள் நீல நிறத்தில் ஏதோ ஒன்று. விளிம்பில் குட்டியாக ஒரு காகிதக் குடை.

"ஏம்புள்ள, இது குடிக்கற எடமாட்ட இருக்குதே," என்றார்.

"பள்ளிக்கூடத்துப் பையைத் தூக்கிட்டுப் பிள்ளைங்க போகுது பாருங்க. குடிக்கற எடத்துக்கு அதுங்க எதுக்குப் போகுது? வாங்க, பாதி வெலைக்கு என்னதான் தாராங்கன்னு பாத்துட்டு வரலாம்."

வேனின் பின்கதவில் 'அவசரம் முட்டை' என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த வேனைப் பளபளக்கும் கார்களுக்கு நடுவே நிறுத்தவிட வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்தார். டெலிவரிக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து, பின்பக்கமாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். இவரும் பேசாமல் பின்பக்கமே போய் நிறுத்திவிட்டு, சமையலறை வழியாகவே உள்ளே நுழையப் பார்த்தார். நான்தான் கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு வரை தலைக்கு மேல் வேலை இருக்கும். பிற்பகல் தீவனம் போட வேண்டும், முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெளிச்சம் மங்குவதற்கு முன் லைட் போட வேண்டும். எருமப்பட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஷெட். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நேரத்தில் நான் கோழி முகத்தைத் தவிர வேறு முகத்தைப் பார்த்தது அபூர்வம். விசேஷ வீட்டுக்குப் போனாலும் இரண்டரைக்கெல்லாம் இவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நான் பாயசத்தை அவசர அவசரமாக உறிஞ்சிவிட்டு இலையை மூடுவேன்.

போன தை மாதம் இரண்டு ஷெட்டையும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார். ஏன் என்று யார் கேட்டாலும், "வயசாச்சுங்க, போதுமுங்க" என்று ஒரே பதில். அப்படியொன்றும் வயதாகிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்கப் போய், மனதை மாற்றிக்கொண்டு மறுபடியும் குஞ்சு இறக்கிவிட்டால் என்ன செய்வது?

அந்தப் பலகையைப் பார்த்த நாள் ஒரு புதன்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, சனிக்கிழமை அவர் ஆஞ்சநேயருக்கு விரதம். அதனால் அதற்குப் பிறகும் புதன்கிழமையே எங்கள் நாள் என்று ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் வாசனைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோழி மாதிரி பயந்தாங்கொள்ளி உலகத்தில் கிடையாது. தினமும் போகிற ஆள் ஒருநாள் புதுக் கலர் சேலையில் போனால் போதும். ஒரு கோழி மிரண்டு கத்தும், அடுத்த நிமிடம் ஷெட் முழுக்கச் சிறகடிக்கும், மறுநாள் ஓடில்லாத தோல்முட்டையாக விழும். அதனால் எப்போதும் ஒரே நீல நைட்டி, அதன்மேல் அவருடைய பழைய சட்டை. கொலுசு கூடாது. தலையில் பூ இருந்தால் கழற்றி வெளியே வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பவுடர்கூடக் கூடாது என்பது எங்கள் வீட்டுக்காரர் போட்ட சட்டம். மற்ற பண்ணைகளில் இத்தனை கெடுபிடி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கோழிக்கு மோப்பம் உண்டு என்பார். அவருக்கு இருந்த மோப்பம் கோழிக்கு இருந்ததா என்பது என் சந்தேகம்.

அவர் மூக்குக்கு அக்கம்பக்கத்தில் தனி மரியாதை. தீவனத்துக்கு மக்காச்சோள லாரி வந்து நின்றால் மேலே ஏறுவார். நடுவில் இருக்கும் மூட்டையிலும் மூலையில் இருக்கும் மூட்டையிலும் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். அதை மூக்கருகே கொண்டுபோய், ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுப்பார். லேசாகப் பூஞ்சை பிடித்திருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். டிரைவரும் லோடுமேன்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "எறக்கலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் முதல் மூட்டை கீழே வரும். சொல்லாவிட்டால் வந்த லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மற்ற பண்ணைக்காரர்களும் தங்கள் லாரியை எங்கள் வாசலில் நிறுத்தி, ஒரு தடவை மோந்து பார்க்கச் சொல்லிக் கேட்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மூக்கோடுதான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினேன். மல்லிகைப்பூவை நான் தலையில் வைத்த நேரத்தைவிட அது வேப்பங்கிளையில் தொங்கிய நேரம்தான் அதிகம்.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், குத்தகைச் செய்தியைக் கேட்டதும் முதல் காரியமாக எனக்கு ஒரு பாட்டில் அனுப்பினாள். பாடி மிஸ்ட் என்று போட்டிருந்தது. செர்ரிப் பூ வாசனையாம். செர்ரிப் பழத்தையே நான் கேக்கின் மேல்தான் பார்த்திருக்கிறேன், பூவுக்கு எங்கே போவேன்? "இனிமே கோழி ஒண்ணும் சொல்லாதும்மா, தாராளமா அடிச்சுக்கோ," என்றாள் போனில். அடிக்கிற பக்கம் எது என்று தெரியாமல் முதல் தடவை என் கண்ணிலேயே அடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை கழுத்தில் அடித்தேன். அப்படி ஒரு குளிர்ச்சி. கண்ணாடி முன்னால் நின்று என் கழுத்தை நானே மோந்து பார்க்க முயற்சி செய்து சுளுக்கு வராத குறைதான்.

அன்று வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, காத்திருந்தேன். அவர் கியரைப் போட்டார், தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிக்கு முட்டை அஞ்சு பைசா ஏறியிருக்குது," என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. நன்றாயிருக்கிறது என்று சொன்னாலும் சரி, சகிக்கவில்லை என்று சொன்னாலும் சரி. ஊரார் வீட்டுச் சோளத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன மூக்கு, கட்டிய பெண்டாட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லாதா? எனக்கு வந்த கோபத்தில் அன்று பாதி விலைச் சிக்கன் லாலிபாப்பை ஒரு தட்டு முழுக்க நானே தின்று தீர்த்தேன்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாமக்கல்லில் இப்போது இந்த மாதிரிக் கடைகள் நிறைய வந்துவிட்டன. பிற்பகலில் மேசைகள் காலியாகக் கிடக்கும், அவற்றை நிரப்பத்தான் இந்தப் பாதி விலை. முழு விலைக்கு நாங்கள் அந்தப் படி ஏறியிருக்க மாட்டோம். பாதி விலை என்பதால் ராஜா ராணி மாதிரி போய் உட்கார்ந்தோம். ஏசி காற்றுக்கு நேர்கீழே உள்ள மேசையைப் பிடித்துக்கொண்டு, சர்வர் தம்பி வைத்துவிட்டுப் போன அட்டையில் வாயில் நுழையாத பெயராகப் பார்த்து விரலை வைப்போம். என்ன வருகிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு.

பேபிகார்ன் வறுவல் வந்த அன்று அவர் ஒன்றை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கருது முத்தறதுக்கு முன்னாடியே பறிச்சுப்போட்டானுங்க. இதெல்லாம் நின்னிருந்தா எத்தன மூட்டை ஆயிருக்கும்," என்று வருத்தப்பட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தார். முட்டைப் பலகாரம் மட்டும் எதையும் ஆர்டர் செய்ய விடமாட்டார். பண்ணைக்காரன் காசு கொடுத்து முட்டை தின்றான் என்று தெரிந்தால் கோழியே சிரிக்கும் என்பார். நீலத் தண்ணீர் டம்ளரில் இருந்த காகிதக் குடையை மட்டும் ஒவ்வொரு முறையும் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேன் டாஷ்போர்டில் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது.

கொஞ்ச நாளில் அவருக்கென்று ஒரு ருசி பிடிபட்டது. காரம் தூக்கலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரும்புத் தட்டில் சொய்யென்று கத்திக்கொண்டு வருகிறதே, சிஸ்லர், அது வேண்டும். அது மேசைக்கு வந்ததும் அப்படியே குனிந்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபேன்ஸி கடை. கண்ணாடி அலமாரியில் லோஷன், ஷவர் ஜெல், மிஸ்ட் என்று அடுக்கி, முன்னால் அடித்துப் பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் திறந்து வைத்திருப்பார்கள். அங்கே நின்ற பெண் என்னை ஆண்ட்டி என்று கூப்பிடாமல் அக்கா என்றாள், அதற்காகவே ஒன்று வாங்கினேன். அதன்பிறகு ஹோட்டலுக்குப் போய்விட்டு அந்தக் கடைக்குள் நுழையாமல் வந்ததில்லை. வனிலா, தேங்காய், எலுமிச்சை, கடல் காற்று. கடல் காற்று என்று எழுதியிருந்த பாட்டிலில் கருவாட்டு வாசம் கொஞ்சமும் இல்லை. அதை எப்படிக் கடல் என்று ஒப்புக்கொள்வது? ஆனாலும் வாங்கினேன். குளியலறை ஜன்னலில் சோப்பு டப்பாவைத் தவிர எதையும் பார்த்திராத வீடு, இப்போது கடை மாதிரி ஆகிவிட்டது. குளித்துவிட்டு வந்து, ஈரம் காயுமுன் லோஷனைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டு, மின்விசிறிக்கடியில் காலை நீட்டி உட்காரும் சுகம் இருக்கிறதே, அதை இத்தனை காலம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எல்லாம் சரி, அவர் வாயைத் திறந்தால்தானே?

இதற்கிடையில் ஒரு கூத்து நடந்தது. மாம்பழ வாசனையில் ஒரு டப்பா வாங்கியிருந்தேன். கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும், உடம்புக்குப் பூசுவது. சித்திரை வெயிலில் உருகிவிடுமே என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூடியைத் திறந்தால் வீடே சேலத்து மாம்பழ மண்டி மாதிரி மணக்கும், அத்தனை தூக்கலான வாசனை. ஒருநாள் காலையில் அடுப்படிக்குள் போனால், மனிதர் அதை ஒரு பன்னில் தடவி வாய் நிறையக் கடித்துவிட்டு, முகம் கோணலாகி நிற்கிறார்.

"ஏம்புள்ள, இந்த ஜாம் கெட்டுப்போச்சாட்ட இருக்குது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவள் அங்கே ஆபீஸில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தாள். இவரும் வாயைக் கொப்பளித்துக்கொண்டே சிரித்தார். பன்னை வாயருகே கொண்டுபோனவருக்கு அது ஜாம் இல்லை என்று ஏன் தெரியவில்லை என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு நான் என் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இவருக்குக் கோழி இல்லாமல் முடியவில்லை. இன்னும் விடியுமுன் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், முட்டை விலையைப் பார்க்காமல் காப்பி இறங்குவதில்லை. பண்ணை கையைவிட்டுப் போன துக்கத்தில் மனிதர் இருக்கும்போது, இவள் மினுக்கிக்கொண்டு திரிகிறாளே என்று மனதுக்குள் கறுவுகிறார். வாயால் சொல்லாமல் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து காட்டுகிறார். இதுதான் என் கணக்கு. ஒவ்வொரு புதன்கிழமையும் முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அடித்துக்கொண்டு வேனில் ஏறினேன். வேன் சிக்னலில் நின்றால் பக்கத்து ஸ்கூட்டிக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள். இவர் திரும்பவில்லை.

ஆனியில் ஒரு புதன்கிழமை, வேறொரு கடைக்குப் போய்ப் பார்ப்போம் என்று போனோம். இறால் வறுவல் பாதி விலை. சர்வர் தம்பி தட்டைக் கொண்டுவரும்போதே நான் மூக்கைச் சுளித்தேன். கெட்டுப்போன இறால். எந்த மசாலா போட்டாலும் மறையாத அந்த வாடை. "தம்பி, இதத் திருப்பி எடுத்துட்டுப் போங்க," என்று நான் சொல்வதற்குள் இவர் இரண்டை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

"காரமெல்லாம் நெம்ப நல்லாருக்குதே. ஏன் வேண்டாங்கற?"

நான் அவரையே பார்த்தேன். லாரியின் மூலை மூட்டையில் ஒளிந்திருக்கும் பூஞ்சையை ஒரே மூச்சில் கண்டுபிடித்த மனிதர். மூன்றாவது இறாலுக்குக் கை நீட்டினார். நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டு, எனக்கு வயிறு சரியில்லை, கிளம்பலாம் என்று எழுந்தேன்.

வேனில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினேன். அன்று நான் அடித்திருந்தது காப்பிக்கொட்டை வாசனை. வறுத்து அரைத்த காப்பிப் பொடியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருந்தது.

"ஏனுங்க, எம்மேல என்ன வாசம் அடிக்குது?"

அவர் சாவியைத் திருகப் போனவர் நிறுத்திவிட்டார். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "மல்லிப்பூ," என்றார். "நல்லாருக்குது."

 அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டியை எடுத்தார். ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் தானாகவே ஓரங்கட்டினார். முட்டை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"மல்லி இல்லியா?"

"இல்லீங்க. காப்பி."

"ஓ," என்றார்.

"எப்பருந்துங்க?"

"தெரீல புள்ள. கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்குமாட்ட இருக்குது. பண்ணைக் காத்துலயே கெடந்த மூக்கு. போன வருசம் அந்தச் சளிக்காச்சல் வந்துச்சே, அதுக்குப் பொறவு சுத்தமா இல்ல."

பிறகு போன ஐப்பசியில் வந்த ஒரு சோள லோடைப் பற்றி அவரே சொன்னார். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தச் சோளத்தைத் தின்று கோழிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து விழுந்தன, முட்டை பாதிக்குப் பாதி குறைந்தது. சோளம் அனுப்பியவன் நடு மூட்டைகளில் கலப்படம் செய்து ஏமாற்றிவிட்டான் என்றுதான் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"அவன் ஏமாத்தல. மோந்து பாத்து எறக்கலாம்னு சொன்னது நாந்தான். ஒரு வாடையும் வரல, அதனால நல்ல சோளம்னு நெனச்சுப்போட்டேன். எந்த வாடையுமே வரலைன்னு அப்ப எனக்கு ஒறைக்கல." ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். "மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து மூட்டையப் பிரிச்சாரே, அப்ப அவரு மூக்கப் பொத்துனாரு. லோடுமேன் பொத்துனான். நீயும் முந்தானைய எடுத்துப் பொத்துன. நா மட்டும் சும்மா நின்னேன். அன்னிக்கே முடிவு பண்ணீட்டேன். மூக்கு இல்லாதவன் கோழி வளத்தக் கூடாது."

"எங்கிட்டச் சொன்னா என்னங்க?"

"என்னன்னு சொல்றது? பள்ளிபாளையத்துல பங்காளி ஊட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல, அது பொய்யி. ஆத்தத் தாண்டி ஈரோட்டுல டாக்டரப் பாக்கத்தான் போனேன். வந்தாலும் வரும், வராமப் போனாலும் போகும்னுட்டாரு." டாஷ்போர்டில் சாய்ந்து கிடந்த ஒரு காகிதக் குடையை நிமிர்த்தி வைத்தார். "நீ வேற வாரா வாரம் புதுசு புதுசா ஒண்ணத் தொறக்கற. ஏதாச்சும் சொல்லுவேன்னு பாத்துட்டே உக்காந்திருக்கற. எனக்குத் தெரியாமயா இருக்குது? நல்லாருக்குதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேற எதுல வேணும்னாலும் சொல்லுவேன். இந்த மூக்கு சமாச்சாரத்துல மட்டும் நா பொய் சொன்னதில்ல. இன்னிக்குத்தான் சொன்னேன், அதும் தப்பாப் போச்சு."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. இத்தனை மாதமும் இந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்வதென்று தவித்திருக்கிறார், நான் கல்லுப் பிள்ளையார் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த லோடுக்குப் பிறகு அவர் எதையுமே மூக்கருகே கொண்டுபோனதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கோயிலில் கொடுத்த துளசியைக்கூட அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். அழுதுகொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று மாம்பழப் பன் ஞாபகம் வந்துவிட்டது.

"அப்ப அந்தப் பன்னு," என்றேன்.

"அதயேன் கேக்கற. படத்துல மாம்பழம் இருந்துச்சு, நம்பித் தின்னேன்."

வேனுக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அழுத தண்ணீர் எது, சிரித்த தண்ணீர் எது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவருக்கு மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். அந்த இறால் நல்லவேளையாக ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த புதன்கிழமை நான் எதையும் அடித்துக்கொள்ளவில்லை. என்னவோ போல இருந்தது, அவர் முன்னால் விருந்து வைத்துக்கொண்டு தனியாகத் தின்பது மாதிரி. வேனில் ஏறி உட்கார்ந்ததும், "இன்னிக்கு என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு வரலைன்னா நீ ஏன் உடறே? எறங்கிப் போயி ஒண்ண அடிச்சுட்டு வா. நா நின்னுக்கறேன்." இஞ்சினைக்கூட அணைக்காமல் நின்றார். நான் ஓடிப்போய் எலுமிச்சையை அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து வேனில் ஏறியதும் அவர் கேட்பார், நான் சொல்வேன். வனிலா என்று சொன்னால் போதாது, அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். "பால்கோவா கிண்டி எறக்கி வெச்சு ஆறினாப்பல." "மொத மழைக்குக் களத்துமேடு நனைஞ்சாப்பல." அவர் தலையை ஆட்டி யோசிப்பார். சில நாள் சண்டையும் வரும், களத்துமேட்டு வாசமும் வயல் வாசமும் ஒன்றா என்று. சாப்பாட்டிலும் இப்போது எனக்குச் சாமர்த்தியம் வந்துவிட்டது. மொறுமொறுவென்று உடைவது, நாக்கைக் கிள்ளுவது, புளிப்பது, பல் கூசக் குளிர்ந்தது, இப்படித்தான் அவருக்குப் பார்த்துப் பார்த்து ஆர்டர் செய்கிறேன். எதுவும் முதலில் என் மூக்கைத் தாண்டித்தான் அவர் தட்டுக்குப் போகும். புதினாவும் ஐஸும் போட்டு ஒரு பானம் இருக்கிறது. அதைக் குடித்தால் மூக்குக்குள் ஏதோ ஜில்லென்று ஓடுகிறது என்கிறார். முதல் தடவை குடித்த அன்றைக்கு முகமே வேறு மாதிரி இருந்தது. ஆறு மணிக்குள் நான்கு டம்ளர் குடித்தார், ஒன்று வாங்கினால் ஒன்று என்பதால் இரண்டு இலவசம்.

போன மாதம் சேலத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தோம். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கடையில் பாதி விலைக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் இருந்த வாசனைக் கடைக்குள் நுழைந்தோம். நாமக்கல் கடையைவிடப் பெரியது. வழக்கமாக வாசலிலேயே நின்றுகொள்பவர் அன்று என்னோடு உள்ளே வந்தார். கடைப்பெண் ஒரு லோஷனை என் மணிக்கட்டில் தடவிவிட்டாள். பாலும் தேனும் என்று டப்பாவில் போட்டிருந்தது. எனக்கு அது பாலாகவும் தெரியவில்லை, தேனாகவும் தெரியவில்லை. நான் கண்ணை மூடி இழுத்துப் பார்த்தேன். இதற்கு முன்னால் எங்கோ அறிந்த வாசனை.

"சார், மேடத்துக்கு எப்படியிருக்கு, சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண் அவரிடம்.

 அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"என்ன வாசம் புள்ள?"

"சோளங்க," என்றேன். "நல்லாக் காஞ்ச புதுச் சோளம். மூட்டையப் பிரிச்ச ஒடனே வருமே, அது." முழுக்கப் பொய்யில்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

"பூஞ்சை இல்லியே?"

"துளிகூட இல்லீங்க."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். அத்தனை பெரிய கடையில், அந்தப் பெண்ணுக்கு முன்னால், அதை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுத்தார். ஒரு லாரிக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். நான் டிரைவர் மாதிரி, லோடுமேன் மாதிரி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எறக்கலாம்," என்றார்.